பீன்யா லைன் நன்றாகத்தான் இருந்தது

ஒரு ரூட்டர் தன்னுடைய முகவரிக்கே பிங் அனுப்பினால் என்ன ஆகும்? இப்போது வேலைக்கு ஆள் எடுக்கும்போது இதைக் கேட்கிறார்களாம். என்னோடு வேலை பார்த்த ஹேமா இன்று வேறு கம்பெனியில் பெரிய பொறுப்பில் இருக்கிறாள். வந்தவர்களில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை என்று சிரிப்புப் பொம்மைகளோடு செய்தி அனுப்பியிருந்தாள். "நீங்கதான் மேடம் எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தீங்க, எங்க டீமுக்காக அனுபவத்தோட எழுதிக் கொடுங்க" என்றும் கேட்டிருந்தாள். எழுதுகிறேன். ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கேள்வியில் ஒரு மனிதரின் வேலை போயிருக்கிறது.

நான் பெங்களூர் பிரேசர் டவுனில் பிறந்து வளர்ந்தவள். பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் முடித்துவிட்டு 1991-ல் மின்மோட்டார் செய்யும் ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவில் சேர்ந்தேன். கம்பெனியின் பெயர் வேண்டாம். மோடம் பெட்டிகளைத் திறந்து தூசி தட்டுவது, லைன் செத்துப்போனால் கிளை ஆபீஸில் இருப்பவரைப் போனில் பிடித்து எந்த விளக்கு எரிகிறது என்று கேட்பது, இவ்வளவுதான் ஆரம்ப வருடங்கள். பச்சை, சிவப்பு என்ற இரண்டு வார்த்தைகளைத் தமிழ், கன்னடம், இந்தி, உருது என்று எல்லாவற்றிலும் கேட்கப் பழகிக்கொண்டேன். அதற்குமேல் அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

கிளைகளின் கம்ப்யூட்டர்களை லைனோடு இணைக்கும் ரூட்டர் பெட்டிகள் வந்தபோதுதான் ஸ்ரீதரமூர்த்தி சார் எங்களுக்கு மேலதிகாரியாக வந்தார். மைசூர்க்காரர். முழுக்கைச் சட்டை, மணிக்கட்டில் பித்தான் போட்டிருப்பார். யாருடைய கீபோர்டையும் தொடும் முன் கைக்குட்டையை எடுத்து ஒருமுறை துடைப்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதே கிடையாது. நாம் சொல்வதை முழுக்கக் கேட்பார், கண்ணாடியைக் கழற்றுவார், பிறகு "நோடம்மா", அதாவது பாரம்மா, என்று ஆரம்பிப்பார். எங்களோடு கன்னடம் கலந்த தமிழில்தான் பேசுவார். கத்துகிற அதிகாரியாக இருந்தால் பதிலுக்கு நாமும் கத்திவிட்டு வெளியே வரலாம். இவரிடம் என்ன செய்வது?

கெட்டிக்காரர், அதில் சந்தேகமில்லை. அவர் வந்தபோது எங்கள் நிலைமை சிரிப்பாய்ச் சிரித்தது. கிளையில் ஒரு திரை உறைந்து நின்றால் போதும், எங்கள் ஆட்கள் உடனே லைன் வாடகைக்குக் கொடுத்தவர்களைக் கூப்பிட்டுவிடுவார்கள். அவர்கள் வந்து பார்த்து, லைன் நன்றாகத்தான் இருக்கிறது, உங்கள் மெஷினைப் பாருங்கள் என்று முகம் சுளித்துவிட்டுப் போவார்கள். இப்படியே நடந்து நடந்து, உண்மையாகவே லைன் கெட்டபோதும் அவர்கள் சாவகாசமாக வர ஆரம்பித்தார்கள். மூர்த்தி சார் ஒரு விதி கொண்டுவந்தார். லைன்காரர்களுக்குப் புகார் கொடுக்கும் முன் எல்லோரும் ஓன் பிங் செய்ய வேண்டும். அது சரியாக வந்தால் லைன் நல்ல லைன். புகார் கொடுக்கக் கூடாது.

ஓன் பிங் என்பது அவர் வைத்த பெயர். பிங் என்றால் "இருக்கிறாயா" என்று ஒரு முகவரியைக் கேட்பது. இருந்தால் "இருக்கிறேன்" என்று பதில் வரும், எவ்வளவு நேரத்தில் வந்தது என்பதும் திரையில் விழும். நம்முடைய ரூட்டரில் லைன் செருகியிருக்கும் வாய்க்கு ஒரு முகவரி இருக்கும். அந்த முகவரியை அதே ரூட்டரில் உட்கார்ந்துகொண்டு கேட்பதுதான் ஓன் பிங். தன்னிடமே கேட்டால் தானே சொல்லாதா, இதில் லைனுக்கு என்ன வேலை என்று நான் கேட்டேன். அவர் காகிதத்தை இழுத்துப் படம் போட்டுக் காட்டினார். உள்ளூர் வயர் செருகும் வாய் என்றால் நான் சொன்னது சரி. ஆனால் எங்களிடம் இருந்த ரூட்டர்கள் லைன் வாய் விஷயத்தில் வேறு மாதிரி. தன் முகவரிக்கே ஆனாலும் கேள்வியை லைனில் தள்ளிவிடும். அது எதிர்முனைக்குப் போகும். அங்கே இருக்கும் ரூட்டர் முகவரியைப் பார்த்து, இது என்னுடையது இல்லை, உன்னுடையது என்று திருப்பி அனுப்பும். நாமே நம் வீட்டு விலாசத்துக்குக் கடிதம் எழுதித் தபாலில் போடுவது போல. கடிதம் கையில் வந்தால், தபால்காரர்கள் வேலை செய்கிறார்கள் என்று அர்த்தம். பதிலும் அதே வழியில் ஒருமுறை போய்த் திரும்பும். அதனால் எதிர்முனையைக் கேட்டால் ஆகும் நேரத்தைப் போல இரண்டு மடங்கு ஆகும். இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பூரிப்பு இருந்தது. எனக்கும் பிடித்திருந்தது, மறுக்கவில்லை.

அதன்பிறகு யார் என்ன புகாரோடு போய் நின்றாலும் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு இரண்டே வார்த்தைதான் கேட்பார்: "ஓன் பிங்?" விதி நன்றாக வேலை செய்தது. வீண் புகார்கள் நின்றன. லைன்காரர்கள் எங்களை மதிக்க ஆரம்பித்தார்கள். புதிதாக வந்தவர்களுக்கு விதியை மட்டும் சொல்லிக்கொடுத்தோம். காரணத்தை யாரும் கேட்கவில்லை, படமும் யாருக்கும் போட்டுக் காட்டப்படவில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு பழைய ரூட்டர்களை மாற்றி வேறு தயாரிப்பு வாங்கினார்கள். தேர்ந்தெடுத்தது மூர்த்தி சார். மாட்டி முடித்த அன்று ஹேமா ஓன் பிங் கொடுத்துவிட்டு வாயைப் பிளந்தாள். பழைய பெட்டியில் நாற்பது, ஐம்பது மில்லி செகண்ட் ஆனது இதில் ஒன்று என்று வந்தது. என்ன வேகம் என்று எல்லோரும் கூடிவிட்டார்கள். அந்த வாரமே சார் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு டைரக்டரிடம் காட்டினார். டைரக்டர் கைகொடுத்தாராம். பெட்டி புதிது, ஆனால் நடுவில் இருக்கும் லைன் அதே பழைய லைன்தானே, அது எப்படி ஒரேயடியாக ஓடும் என்று அன்றைக்கு ஒருவரும் யோசிக்கவில்லை. நானும் அன்று விடுப்பில் இருந்தேன், பிறகு கேள்விப்பட்டதோடு சரி.

பீன்யா தொழிற்பேட்டையில் எங்களுக்கு ஒரு கிடங்கு இருந்தது. சரக்கு வெளியே போகும்போது கம்ப்யூட்டரில் பதிவு செய்பவர் முனிரத்னம். அல்சூர்க்காரர், என்னைவிட வயதில் மூத்தவர், கிடங்கில் கூலியாகச் சேர்ந்து பதிவுக்காரராக உயர்ந்தவர். அவரைப் பற்றி ஒருவரும் ஒரு குறை சொல்லி நான் கேட்டதில்லை. மழைக்காலம் தொடங்கியதும் அவரிடமிருந்து போன் வர ஆரம்பித்தது. பதிவு செய்துகொண்டிருக்கும்போதே திரை நின்றுவிடுகிறது, கொஞ்ச நேரம் கழித்து வருகிறது, மறுபடி நிற்கிறது. எங்கள் ஆட்கள் விதிப்படி ஓன் பிங் போட்டார்கள். ஐந்து முறை கேட்டதில் ஐந்துக்கு ஐந்தும் வந்தது. "லைன் ஓகே, உங்க பக்கம்தான் ஏதோ, வயரைக் கழட்டி மாட்டிப் பாருங்க" என்றார்கள். அவரும் கழற்றி மாட்டினார்.

ஒருநாள் அந்தப் போனை நான் எடுத்தேன்.

"மேடம், லாரி வெளிய நிக்குது, டிரைவர் ஹாரன் அடிச்சினே கீறான். ஸ்க்ரீன் நின்னுபோச்சு. உங்காளுங்க எம்பக்கம் பாரு, எம்பக்கம் பாருன்றாங்க. எம்பக்கம் கீறது ஒரு ஒயரு. அதையும் புடுங்கிப் புடுங்கி மாட்டிட்டேன்."

நான் ஓன் பிங் போட்டேன், எல்லாம் வந்தது. என்னவோ தோன்றி, விதியில் இல்லாத ஒன்றைச் செய்தேன். பீன்யா முனையையே நேராகக் கேட்டேன். பதில் இல்லை. கொஞ்சம் கழித்து ஒன்று வந்தது, மறுபடி இல்லை. திரும்ப ஓன் பிங் போட்டேன். சுத்தமாக வந்தது, ஒரு மில்லி செகண்ட். அந்த எண்ணை அப்போதுதான் கண் திறந்து பார்த்தேன். இந்தப் பெட்டி கடிதத்தைத் தபாலில் போடுவதே இல்லை. வாசலிலேயே வாங்கிக்கொண்டு, வந்துசேர்ந்தது என்கிறது. லைன் இருந்தாலும் இறந்தாலும் அதற்கு ஒன்றுதான். அது பெட்டியின் குற்றமும் இல்லை. அது அப்படிச் செய்யப்பட்டது. நாங்கள்தான் அதனிடம் கேட்கக் கூடாததைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

உடனே சாரிடம் போய்ச் சொன்னேன். முழுக்கக் கேட்டார். கண்ணாடியைக் கழற்றினார். பாதி சொல்லும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது என்று இன்றும் அடித்துச் சொல்வேன். படம் போட்டுக் காட்டியவரே அவர்தானே. லைன்காரர்களுக்குப் புகார் கொடுக்கட்டுமா என்று கேட்டேன். ரூட்டர் விற்றவர்களிடம் முதலில் கேட்கிறேன், அதுவரை யாரிடமும் இதைப் பேச வேண்டாம் என்றார். மறுநாள் கேட்டேன், அதற்கு மறுநாளும் கேட்டேன். கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்றார். டைரக்டரிடம் காட்டிய அந்த இரண்டு எண்களை அவர் எப்படித் திரும்பப் பெறுவார்?

அந்தச் சமயத்தில்தான் பீன்யாவில் கணக்கு இடித்தது. மோட்டார்கள் லாரியில் போயிருக்கின்றன, பதிவு பாதியில் நிற்கிறது, பில் போகவில்லை. திருட்டு என்று யாரும் நேரடியாகச் சொல்லவில்லை. சரக்கைக் கணக்கில்லாமல் வெளியே விடுவதற்காக முனிரத்னம் வேண்டுமென்றே வயரைப் பிடுங்கினார் என்றார்கள். சாட்சியும் இருந்தது. அவர் வயரைக் கழற்றி மாட்டுவதைப் பார்த்தோம் என்று கிடங்கில் இரண்டு பேர் சொன்னார்கள். பொய் இல்லை, பார்த்துத்தான் இருப்பார்கள். கழற்றச் சொன்னதே எங்கள் ஆபீஸ்தான். 

விசாரணை எம்.ஜி. ரோடு பக்கம் இருந்த தலைமை ஆபீஸில் நடந்தது. ஊழியர் விவகாரம் பார்க்கும் பெர்சனல் அதிகாரி ஒருவர், ஸ்டோர்ஸ் மேனேஜர் ஒருவர், தொழில்நுட்பத்துக்கு மூர்த்தி சார். முனிரத்னம் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். நான் சாட்சி சொல்ல வர வேண்டும் என்று அவர்தான் கேட்டு அனுமதி வாங்கியிருந்தார். என்னிடம் ஒரே ஒரு வழிதான் இருந்தது. புதிய ரூட்டர் ஒன்றையும் மோடத்தையும் தூக்கிக்கொண்டுவந்து அந்த மேஜைமேல் வைத்து லைனை இணைத்தேன். ஓன் பிங் போட்டேன், வந்தது. பிறகு லைன் வயரை மோடத்திலிருந்து உருவி, அவர்கள் மூவரும் பார்க்கக் கையில் பிடித்துக்கொண்டு, மறுபடி ஓன் பிங் போட்டேன். ஐந்துக்கு ஐந்தும் வந்தது, ஒரு மில்லி செகண்டில்.

பெர்சனல் அதிகாரி என் கையில் இருந்த வயரையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். இன்னொரு முறை போடச் சொன்னார். போட்டேன். முனிரத்னம் முதல்முறையாக நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். முடிந்தது, இவரை விட்டுவிடுவார்கள் என்று நான் நினைத்துவிட்டேன்.

மூர்த்தி சார் கண்ணாடியைக் கழற்றினார்.

"நோடம்மா, நீ காட்டினது சரி. நான் இல்லேன்னு சொல்லல. ஆனா அந்த நாள்ல லைன் கெட்டிருந்ததுன்னு இது எப்படிக் காட்டும்?"

பீன்யா முனைக்கு நான் பிங் போட்டதையும், பதில் வராததையும் சொன்னேன். அங்கே ரூட்டரை யாராவது நிறுத்தியிருந்தாலும் அப்படித்தான் வரும் என்றார். அதுவும் உண்மைதான். பிறகு பெர்சனல் அதிகாரியின் பக்கம் திரும்பி, லைன் கெட்டிருந்தால் லைன்காரர்களுக்குப் புகார் போயிருக்க வேண்டும், இந்த மழைக்காலம் முழுக்கப் பீன்யா லைனைப் பற்றி ஒரு புகார்கூடப் போகவில்லை என்றார்.

"புகார் குடுக்கக் கூடாதுன்னு தடுத்ததே நம்ம ரூல்தானே சார்?" என்றேன்.

"ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதாம்மா" என்றார், எப்போதும் போல மெதுவாக.

எவ்வளவு அழகாகப் பின்னப்பட்ட வலை பாருங்கள். லைன் நன்றாக இருக்கிறது என்று பெட்டி சொன்னதால் புகார் போகவில்லை. புகார் போகாததால் லைன் நன்றாக இருந்தது. அவர் சொன்ன ஒவ்வொரு வாக்கியமும் தனித்தனியாக எடுத்தால் சரி. ஒரு பொய்கூட இல்லை. அதனால்தான் எனக்கு அவரை மன்னிக்க முடியவில்லை. பொய் சொல்லியிருந்தால் பயந்துபோய்ச் சொல்லிவிட்டார் என்று என்றைக்காவது விட்டிருப்பேன்.

கடமைக்கு வேண்டுமென்றே இடையூறு செய்தார் என்று எழுதி முனிரத்னத்தை வேலையிலிருந்து நீக்கினார்கள். வெளியே வந்தபோது, "பர்வாகில்ல மேடம், நீங்க வந்தீங்களே" என்றார். அதற்குப் பதில் அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

சில நாளிலேயே மூர்த்தி சார் கையெழுத்தோடு ஒரு சுற்றறிக்கை வந்தது. இனி ஓன் பிங் வேண்டாம், எதிர்முனைக்குப் பிங் போட்டுப் பார்த்துப் புகார் கொடுக்கவும். ஏன் என்று ஒரு வரி இல்லை. அடுத்த பெருமழையில் பீன்யா திரை மறுபடி நின்றது. முனிரத்னம் இடத்தில் வேறொருவர் இருந்தார். புதிய விதிப்படி புகார் போனது. லைன்காரர்கள் வந்து தேடி, சாலை ஓரத்துக் குழியில் கேபிள் இணைப்பு ஒன்று தண்ணீரில் ஊறிக் கிடப்பதைக் கண்டுபிடித்தார்கள். நானும் போய்ப் பார்த்தேன். செம்பெல்லாம் பச்சை பூத்திருந்தது. இது இன்று நேற்றுக் கெட்டது இல்லை, ரொம்ப நாளாகவே இப்படித்தான் கிடந்திருக்கும் என்று இணைப்பை வெட்டி எடுத்தவர் சொன்னார். மாற்றியபிறகு ஒரு தொந்தரவும் இல்லை. மாதக் கூட்டத்தில், புதிய விதியால் பீன்யா பிரச்சினை சட்டென்று தீர்ந்தது என்று பாராட்டினார்கள். சார் தலை தாழ்த்தி ஏற்றுக்கொண்டார்.

கூட்டம் முடிந்ததும் அவர் அறைக்குப் போனேன். இப்போதாவது முனிரத்னத்தைத் திரும்ப எடுக்கச் சொல்லுங்கள் என்று கேட்டேன்.

"அந்த கேஸ் முடிஞ்சுபோச்சம்மா. இப்போ தொறந்தா மூணு டிபார்ட்மென்ட் பேரு கெடும்."

"அவர் பேரு, சார்?"

அவர் கைக்குட்டையை எடுத்துக் கீபோர்டைத் துடைத்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன். வேறு ஏதாவது வேண்டுமா என்று கேட்டார். பெர்சனல் பிரிவுக்கும் எழுதிப் பார்த்தேன். பதில் வரவில்லை, என்னைப் பிரிண்டர் ரிப்பேர் பிரிவுக்கு மாற்றிய உத்தரவுதான் வந்தது. ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தேன். சார் அதற்கு முன்பே மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றுப் போனார்.

இனி யாரும் எதுவும் செய்யப்போவதில்லை என்று தெரிந்ததும், விஷயத்தையாவது முனிரத்னத்திடம் சொல்லிவிடலாம் என்று ஒரு ஞாயிறு காலை, பூசை முடிந்து சர்ச்சிலிருந்து நேராக அல்சூருக்குப் போனேன். ஏரிப் பக்கத்துச் சந்தில் ஒரு ஷாமியானா வாடகைக் கடையில் இருந்தார். கல்யாணத்திலிருந்து திரும்பிவந்த நாற்காலிகளைத் துணியால் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். அங்கேயே நின்றபடி குழியையும் பச்சை பூத்த செம்பையும் பற்றி எல்லாம் சொன்னேன். துடைப்பதை நிறுத்தாமலே கேட்டார்.

"எங்கிட்ட சொல்லி இன்னா மேடம்? நான் புடுங்கலேன்னு எனக்குத் தெரியாதா? ஊட்டுக்கு வாங்க. அவகிட்ட சொல்லுங்க."

வீடு அதே சந்தின் கடைசியில், ஒற்றை அறை. அவர் மனைவி சரோஜா கட்டிலின் ஓரத்தைத் தட்டி என்னை உட்காரச் சொல்லிவிட்டுத் தான் தரையில் உட்கார்ந்தாள். அவர் கதவருகில் நின்றுகொண்டார். எனக்குத் தெரிந்த எளிய வார்த்தைகளில் முழுவதையும் சொன்னேன். லைன் கெட்டிருந்தது, பெட்டி நன்றாக இருக்கிறது என்றது, நாங்கள் பெட்டியை நம்பினோம், உங்கள் வீட்டுக்காரர் மேல் ஒரு தப்பும் இல்லை. அவள் இடையில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஒரு கட்டத்தில் திரும்பி அவரைப் பார்த்தாள். அவர் மிடுக்காக நின்றார், விசாரணையில் சாய்ந்து உட்கார்ந்தவரை அப்போது மறுபடி பார்த்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வந்தது நல்லது என்று நினைத்தேன்.

"இவரு மேல தப்பில்லேன்னு கம்பெனிக்கும் தெரியுமாம்மா?" என்று கேட்டாள்.

"தெரியும். பெரியவங்களுக்கெல்லாம் தெரியும்."

"தெரிஞ்சா ஏம்மா திரும்பக் கூப்பிடல?"

மூன்று டிபார்ட்மென்ட் பெயர் கெடும் என்று அந்த அறையில் உட்கார்ந்துகொண்டு எப்படிச் சொல்வேன்? சொன்னாலும் அது ஒரு காரணமாக அவள் காதில் விழுமா? வாய் வரைக்கும் வந்ததெல்லாம் சப்பைக்கட்டாகத் தெரிந்தது. கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தாள். பிறகு, நான் அங்கே இல்லாதது போல அவரிடம், மெதுவாகத்தான், சொன்னாள்:

"ஒண்ணுமே இல்லாமலா கூப்பிடாம இருப்பாங்க?"

முனிரத்னம் செருப்பை மாட்டிக்கொண்டார். நாற்காலி பாதியில் கிடக்கிறது என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனார். காபி குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று சரோஜா என்னை உட்காரவைத்து அடுப்பைப் பற்றவைத்தாள். மறுக்க முடியாமல் வாங்கிக் குடித்தேன். பாவம், இவருக்காகப் பரிந்து பேச இவ்வளவு தூரம் வந்தாயே, நல்ல மனசு உனக்கு என்று சொல்லி, டம்ளரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.